பழைய கார்ப்ரேட்டர் ஆம்னி பெட்ரோல் குடிக்குதா? அறிகுறியப் பாத்து ஒவ்வொண்ணா புடிக்கற வழி

மைலேஜ் குறைஞ்சுடுச்சுன்னு வண்டியக் கொண்டு போய் நிறுத்துனா பாதி மெக்கானிக்குங்க கை நேரா, பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கற கார்ப்ரேட்டரோட ஸ்க்ரூவுக்குத்தான் போகும். அரை சுத்து உள்ள, கால் சுத்து வெளிய, ரெண்டு உறுமல் விட்டுட்டு "இப்ப பாருங்க சார்"னு சாவியக் குடுத்துடுவாங்க. நான் பாத்த வரைக்கும் பழைய ஆம்னில பெட்ரோல் வீணாப் போறதுக்கு கார்ப்ரேட்டர் காரணமா இருக்கறது கம்மி. சோக் (குளிர்ல ஸ்டார்ட் ஆக காத்த அடைக்கற தகடு) முழுசா திறக்காதது, பிரேக் புடிச்சுக்கிட்டே ஓடறது, தெர்மோஸ்டாட்ட (எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாத வால்வு) எவனோ கழட்டி எறிஞ்சது, டைமிங் (பிளக் பொறி அடிக்கற நேரம்) பின்னாடி போனது, இதுங்கதான் மெயின். அதனால கார்ப்ப கடைசில தொடுவோம், முதல்ல வண்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்.

இங்க நான் பேசறது மாருதி ஆம்னிய வெச்சு. 1984ல மாருதி வேன்னு வந்து 1988ல ஆம்னின்னு பேர் வாங்கி 2019 வரைக்கும் வித்த வண்டி, 796 சிசி, மூணு சிலிண்டர், நாலு கியர், பின் சக்கரம்தான் தள்ளும். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீச்சற எம்பிஎஃப்ஐ வர்றதுக்கு முன்னாடி வந்த கார்ப் மாடல்தான் நம்ம ஆளு. நல்ல கண்டிஷன்ல இருந்தா லிட்டருக்கு டவுனுக்குள்ள 12லருந்து 14 கிலோமீட்டர், ஹைவேல 60 - 65ல நிதானமா போனா 15லருந்து 17, இதுதான் நான் எதிர்பாக்கற கணக்கு. 20 குடுக்குதுன்னு யாராவது சொன்னா அவங்க ஸ்பீடோமீட்டர ஒரு தடவ செக் பண்ணச் சொல்லுங்க.

மொதல்ல, நெஜமாவே குறைஞ்சிருக்கா?

பெட்ரோல் முள்ளப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஆம்னி முள்ளு மேடு ஏறும்போது ஒண்ணு சொல்லும் இறங்கும்போது ஒண்ணு சொல்லும். ஃபுல் டேங்க் போடுங்க, பம்ப் தானா கட் ஆகற மொத இடத்தோட நிறுத்திடுங்க, கொறஞ்சது 200 கிலோமீட்டர் ஓட்டுங்க, அதே பங்க் அதே பம்ப்ல மறுபடி அதே மாதிரி ஃபுல் பண்ணுங்க, ரெண்டாவது தடவ எத்தன லிட்டர் புடிச்சுதோ அதால ஓடுன தூரத்த வகுங்க. ஓடுன தூரம் சரியான்னும் பாக்கணும். கேபிள் ஸ்பீடோமீட்டர் பழசாயிருக்கும், டயர் சைஸ் மாத்தியிருப்பாங்க, ரெண்டும் கணக்க ஏமாத்தும். நேஷனல் ஹைவே கிலோமீட்டர் கல்லோ இல்ல ஃபோன் ஜிபிஎஸ்ஸோ வெச்சு ஒரு இருபது கிலோமீட்டர் ஒத்துப் பாத்தா போதும்.

அடுத்தது எப்படி ஓட்டறீங்கன்னு யோசிங்க. காலைல ஸ்கூலுக்கு ரெண்டு கிலோமீட்டர், சாயங்காலம் கடைக்கு ஒரு கிலோமீட்டர்னு மட்டும் ஓடற வண்டி எஞ்சின் சூடாகறதுக்குள்ளயே நின்னுடும், அதுக்கு எவ்ளோ வேலை பாத்தாலும் 10க்கு மேல வர்றது கஷ்டம்தான், அது ரிப்பேர் இல்ல.

அப்பறம் ஈ20. 2025லருந்து எங்க போட்டாலும் அனேகமா 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனால்ல ஒரு லிட்டருக்கு கெடைக்கற சக்தி பெட்ரோலோடத விட சுமார் மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால சுத்தப் பெட்ரோலோட ஒப்பிட்டா ஈ20ல ஆறேழு சதவீதம் சக்தி குறையும். 14 குடுத்த வண்டி 13 குடுத்தா அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. புது வண்டில ஆக்சிஜன் சென்சார் பாத்து கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டிக்கும், நம்ம கார்ப்புக்கு அந்த அறிவு கெடையாது, ஜெட்னு சொல்ற பித்தளைத் துண்டுல ஓட்டை எவ்ளோவோ அவ்ளோதான் விடும். அதனால மிக்ஸர் (பெட்ரோல் - காத்து கலவை) கொஞ்சம் லீனாப் போகும், அதாவது காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. முன்ன கொஞ்சம் ரிச்சா (பெட்ரோல் ஜாஸ்தியா) இருந்த வண்டி இதுல சரியாக்கூட ஓடும், ஏற்கனவே லீனா இருந்ததுதான் ஜெர்க் அடிக்கும், இழுக்காது, நீங்க இன்னும் மிதிப்பீங்க. ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் குறைஞ்சா ஈ20 மேல பழி போடுங்க. நாலஞ்சு குறைஞ்சிருந்தா கீழ படிங்க.

வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை வருது

இத மைலேஜ் பிரச்சனையா நெனைக்காதீங்க, தீப் புடிக்கற பிரச்சனையா நெனைங்க. ஆம்னில எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கு, நீங்க அது மேலதான் உக்காந்திருக்கீங்க. மத்த எதையும் பாக்கறதுக்கு முன்னாடி இத முடிக்கணும்.

எஞ்சின் ஆறின அப்பறம் சீட்டத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க. சிகரெட்டு கிகரெட்டு பக்கத்துலயே வேணாம். ரப்பர் ஹோஸ்ங்கள விரல்ல வளைச்சுப் பாருங்க. எத்தனால் படறதுக்குன்னு செய்யாத பழைய ரப்பர் ஒண்ணு ஊதி மெத்துன்னு ஆகியிருக்கும் இல்லன்னா வெறைச்சு வளைக்கற எடத்துல பொடிப்பொடியா வெடிப்பு விட்டிருக்கும். கிளிப் இறுக்கறதுல அர்த்தமில்ல, மொத்த ஹோஸும் மாத்துங்க, எத்தனாலுக்கு தாங்கற ஹோஸ்னு கேட்டு வாங்குங்க. மீட்டருக்கு கொஞ்சம் காசு கூட, பரவால்ல.

ஹோஸ் நல்லா இருந்தா பெட்ரோல் பம்ப். எஞ்சின் ஓட்டத்துல அடிக்கற மெக்கானிக்கல் பம்ப்தான் இதுல, உள்ள ஒரு டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) இருக்கும். அது கிழிஞ்சா ரெண்டு விதமா காட்டும். ஒண்ணு பம்ப்போட அடிப்பக்க சின்ன ஓட்டைல ஈரம். இன்னொண்ணு மோசமானது, பெட்ரோல் எஞ்சினுக்குள்ளயே எறங்கி ஆயில்ல கலக்கும். டிப்ஸ்டிக்க உருவிப் பாருங்க, ஆயில் லெவல் குறையாம ஏறியிருந்தா, தொட்டா தண்ணியா வழிஞ்சா, மோந்தா பெட்ரோல் அடிச்சா, வண்டிய எடுக்காதீங்க. அந்த ஆயில்ல ஓட்டுனா பேரிங் போயிடும். பம்ப் மாத்தி ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். ஆனா ஆயில்ல பெட்ரோல் கலக்கறது கார்ப்புக்குள்ள பெட்ரோல் வரத்த அடைக்கற நீடில் வால்வு ஒழுகறதாலயும் வரலாம், அத கீழ சொல்றேன்.

சைலன்சர்ல கருப்பு, பிளக்குல கரி

மூணு பிளக்கையும் கழட்டி வரிசை மாறாம வைங்க. அதுக்கு முன்னாடி ஒரு பத்து கிலோமீட்டர் நல்லா ஓட்டிட்டு வந்து உடனே ஆஃப் பண்ணி கழட்டணும், சும்மா ஐடில்ல (மிதிக்காம எஞ்சின் ஓடறது) நின்ன பிளக் எப்பவும் கருப்பாத்தான் இருக்கும், அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நுனி வெளிர் காப்பி கலர்ல இருந்தா மிக்ஸர் சரி. மூணும் காஞ்ச கரி புடிச்சிருந்தா ரிச். ஒண்ணு மட்டும் கருப்பா இருந்தா கார்ப் மேல சந்தேகப்படாதீங்க, ஒரே கார்ப்தான் மூணுக்கும் குடுக்குது, அந்த சிலிண்டர்ல பிளக்கோ ஒயரோ கம்ப்ரஷனோ பிரச்சனை. ஈரமா பளபளன்னு இருந்தா அது ஆயில், வேற கதை.

மூணும் கருப்புன்னா மொதல்ல ஏர் ஃபில்டர். வெளிச்சத்துக்கு நேரா புடிங்க, வெளிச்சம் தெரியலன்னா மாத்துங்க, தட்டித் தட்டி மறுபடி போடற பழக்கத்த விட்டுடுங்க.

அடுத்து சோக். ஏர் கிளீனர கழட்டிட்டு கார்ப் வாய்க்குள்ள பாருங்க. டேஷ்போர்டுல சோக் நாப் முழுசா உள்ள இருக்கும்போது மேல இருக்கற சோக் தகடு நட்டுக்குத்தலா நிக்கணும். நெறைய வண்டில நாப் உள்ள போயிருக்கும் ஆனா தகடு சாஞ்சே இருக்கும், ஏன்னா கேபிள் வெளி உறைய புடிக்கற கிளிப் வழுக்கியிருக்கும், இல்ல கேபிள் உள்ள துரு. ஓட்டறவருக்கு தெரியவே தெரியாது, வண்டி காலைல சூப்பரா ஸ்டார்ட் ஆகும், அதுல வேற சந்தோஷம். விரலால தகட்ட நிமிர்த்திப் பாருங்க, நிமிர்ந்தா கேபிள தளர்த்தி மறுபடி கிளிப் பண்ணுங்க. செலவே இல்லாம ரெண்டு கிலோமீட்டர் ஏறுறது இந்த ஒரு எடத்துலதான்.

சோக்கும் ஓகேன்னா ஃப்ளோட் லெவல், அதாவது கார்ப் அறைக்குள்ள மிதக்கற ஃப்ளோட் நிறுத்தி வெக்கற பெட்ரோல் மட்டம். ஃப்ளோட் அறை பக்கத்துல குட்டிக் கண்ணாடி இருக்கற கார்ப்னா எஞ்சின் ஐடில்ல ஓடும்போது பெட்ரோல் மட்டம் கண்ணாடி நடுவுல இருக்கற புள்ளிக்கு நேரா தெரியணும். அதுக்கு மேல ஏறியிருந்தா நீடில் வால்வு சரியா அடைக்கல, ஃப்ளோட் ஓட்டையாகி உள்ள பெட்ரோல் ஏறியிருக்கலாம், இல்ல ஃப்ளோட்டோட நாக்கு வளைஞ்சிருக்கலாம். எஞ்சின ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் கழிச்சு வாய்க்குள்ள டார்ச் அடிங்க, அப்பவும் சொட்டு விழுந்துட்டிருந்தா நீடில்தான். அதுல இருந்து எறங்கற பெட்ரோல்தான் சிலிண்டர் வழியா ஆயில்லயும் போய்ச் சேரும்.

ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி கிட்டத்தட்ட 2240 மீட்டர் உயரம், காத்து மெலிசு, ஆனா ஜெட் அதே அளவு பெட்ரோல்தான் விடும், அதனால சமவெளில சரியா செட் பண்ண கார்ப் அங்க போனா தானா ரிச் ஆகிடும். மேட்டுப்பாளையத்துல ட்யூன் பண்ண வண்டி குன்னூர் தாண்டினதும் மந்தமா இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. அங்கயே குடியிருக்கற வண்டின்னா மட்டும் அந்த உயரத்துக்கு செட் பண்ணிக்கணும்.

டெம்பரேச்சர் முள்ளு ஏறவே மாட்டேங்குது

இது நம்ம ஊரு ஸ்பெஷல். வெயில் ஊருன்னு சொல்லி தெர்மோஸ்டாட் வால்வ கழட்டி வீசிட்டு "இனிமே ஹீட்டே ஆகாது சார்"னு குடுக்கற கடை தெருவுக்கு ஒண்ணு இருக்கு. ஆமா, ஹீட் ஆகாது, அதேதான் பிரச்சனை. பெட்ரோல் ஆவியாகி காத்தோட கலந்தாத்தான் முழுசா எரியும், எஞ்சின் 80 டிகிரி பக்கம் போனாத்தான் அது ஒழுங்கா நடக்கும். கூலா ஓடற எஞ்சின்ல பெட்ரோல் மேனிஃபோல்டு (கார்ப்புலருந்து சிலிண்டருக்குப் போற குழாய்) சுவத்துலயே துளியா படிஞ்சு நிக்கும், சிலிண்டர் சுவத்துல ஆயில கழுவிட்டு போகும், ஆயிலும் கெட்டியாவே இருக்கும், எஞ்சின் அத கலக்கறதுக்கே சக்தி செலவழிக்கும். மைலேஜும் போச்சு, ரிங்கும் சீக்கிரம் தேயும்.

கண்டுபுடிக்க ஈசி. காலைல ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் மேல் ஹோஸ்ல கை வைங்க. தெர்மோஸ்டாட் இருந்தா பல நிமிஷத்துக்கு ஹோஸ் குளுகுளுன்னே இருந்து அப்பறம் டக்குன்னு சூடாகும். ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே மெதுமெதுவா வெதுவெதுப்பு ஏறுச்சுன்னா வால்வு இல்ல, இல்லன்னா திறந்த வாக்குலயே மாட்டிக்கிச்சு. புது வால்வு வெல பெருசில்ல, 82 டிகிரில திறக்கறது கேளுங்க. போடறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சு நூல் கட்டி தொங்கவிட்டு திறக்குதான்னு பாத்துட்டு போடுங்க.

கூடவே ரேடியேட்டர் ஃபேனையும் பாருங்க. சுவிட்ச் போனதும் ஃபேன சாவி லைனுக்கு டைரக்டா குடுத்து விட்டிருப்பாங்க, சாவி போட்டதும் சுத்த ஆரம்பிச்சு நிறுத்தற வரைக்கும் சுத்தும். எஞ்சின் ஆறும், ஆல்டர்னேட்டர் அந்த கரண்ட்டுக்கு இழுக்கும், ரெண்டு பக்கமும் நஷ்டம். ஃபேன் சுவிட்ச் மாத்துங்க. ஆனா ஒண்ணு, ரேடியேட்டர் அடைச்சு நெஜமாவே ஓவர்ஹீட் ஆன வண்டில இதெல்லாம் கழட்டியிருந்தா மொதல்ல ரேடியேட்டர சரி பண்ணிட்டு அப்பறம் தெர்மோஸ்டாட் போடுங்க, தலைகீழா பண்ணீங்கன்னா ஹெட் கேஸ்கட் போயிடும்.

சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது, அதனால ஐடில் ஏத்தி வெச்சிருக்கு

ஐடில் 850 - 900 ஆர்பிஎம் பக்கம் இருக்கணும். நெறைய வண்டில 1300, 1400ல கத்திட்டு இருக்கும், ஓனருக்கு பழகிப் போயிருக்கும். அவிநாசி ரோடு மாதிரி சிக்னலுக்கு சிக்னல் நிக்கற ரோட்ல ஓடற வண்டிக்கு இது தினம் தினம் காசு. ஐடில் ஏன் ஏத்துனாங்கன்னு கண்டுபுடிக்காம எறக்குனா மறுபடி ஆஃப் ஆகும், திரும்ப ஏத்துவீங்க.

மொத சந்தேகம் கார்ப் பக்கவாட்டுல இருக்கற சோலனாய்டு. ஒரு ஒயர் போயிட்டு இருக்கும். சாவி ஆன் பண்ணா அது ஊசிய இழுத்து ஐடில் பெட்ரோல் வழிய திறக்கும், ஆஃப் பண்ணா அடைக்கும். சாவி ஆன், எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம அந்த ஒயர கழட்டி மறுபடி தொடுங்க, டிக்குன்னு சத்தம் வரணும். ஒயர் அறுந்திருந்தா, இல்ல சோலனாய்டு போயிருந்தா ஐடில் ஜெட்டுக்கு பெட்ரோலே போகாது, அப்ப மெக்கானிக் என்ன பண்ணுவார், த்ராட்டில் ஸ்க்ரூவ திருகி தகட்ட கொஞ்சம் திறந்து வெச்சுடுவார். வண்டி நிக்காது. ஆனா அது இப்ப ஐடில் சர்க்யூட்டுல ஓடல, மத்த வழில இழுத்துட்டு ஓடுது, எந்த மிக்ஸர் ஸ்க்ரூ திருகுனாலும் எஞ்சின் சத்தம் மாறாது. ஸ்க்ரூ திருகி எஞ்சின் அசையலன்னாலே மொத பாக்க வேண்டியது இந்த டிக்தான்.

ரெண்டாவது, ஏர் இழுக்கறது. கார்ப் அடியில இருக்கற இன்சுலேட்டர் பேக்கிங், வேக்யூம் ஹோஸ்ங்க, பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிக்கறத லேசாக்கற டப்பா) ஹோஸ், எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவிய உறிஞ்சற பிசிவி வால்வு. ஐடில்ல உஸ்ஸுன்னு சத்தம் கேக்குதான்னு காது குடுங்க. கண்டுபுடிக்க நல்ல வழி, ஹோஸ ஒவ்வொண்ணா மூக்கு பிளையர்ல துணி சுத்தி நசுக்கறது. எந்த ஹோஸ நசுக்கும்போது ஐடில் மாறி நிதானமாகுதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை. பூஸ்டர் ஹோஸ நசுக்கி நிதானமாச்சுன்னா பூஸ்டர் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, அது பிரேக் சமாச்சாரம், தள்ளிப் போடாதீங்க. பெட்ரோல தெளிச்சு ஏர் லீக் தேடறவங்க இன்னும் இருக்காங்க, சூடான சைலன்சர் பைப் பக்கத்துல அது என்ன பண்ணும்னு நான் சொல்லத் தேவையில்ல.

மிதிக்கறேன், ஆனா இழுக்கல

பிக்கப் இல்லாத வண்டில நம்மளே அறியாம கால் ஆழமாப் போகும். இந்த கார்ப்ல ரெண்டு வாய் இருக்கு, ஆழமா மிதிச்சா ரெண்டாவது வாயும் திறந்து பெட்ரோல் கொட்டும். அதனால "இழுக்கல" அப்படிங்கறது நேரா மைலேஜ்தான்.

இக்னிஷன்ல இருந்து ஆரம்பிங்க. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள கரண்ட்ட விட்டு விட்டு அறுக்கற பாகம்) இருக்கற மாடல்னா கேப் 0.4லருந்து 0.5 மில்லிமீட்டர், பிளக் கேப் 0.7லருந்து 0.8. பாயிண்ட்டுல ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளம்னு ஆகியிருந்தா ராவி ராவி ஓட்டாதீங்க, கண்டன்சரோட சேத்து மாத்துங்க. பாயிண்ட் ஹீல் தேயத் தேய கேப் சின்னதாகும், டைமிங் பின்னாடி போகும், மெதுவா நடக்கறதால நமக்கு உறைக்காது. அதனால பாயிண்ட் கேப் தொட்டா டைமிங்கும் லைட் வெச்சு செட் பண்ணணும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டுனது. ராத்திரி இருட்டுல எஞ்சின் ஓடவிட்டு பிளக் ஒயருங்களப் பாருங்க, நீலமா பொறி ஓடிட்டு இருந்தா ஒயர் செட் மாத்துங்க.

யாரும் பாக்காத ஒண்ணு வேக்யூம் அட்வான்ஸ், மெல்ல மிதிக்கும்போது பொறிய கொஞ்சம் முன்னாடியே அடிக்க வெக்கறது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல தட்டு மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல இருந்து கார்ப்புக்கு ஒரு மெல்லிசு ஹோஸ். கார்ப் பக்கம் ஹோஸ கழட்டி வாய்ல வெச்சு உறிஞ்சுங்க, உறிஞ்சிட்டு நாக்கால அடைச்சுடுங்க. நாக்க புடிச்சு இழுத்துட்டே இருக்கணும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய கழட்டி வெச்சிருந்தா உள்ள தகடு கொஞ்சம் திரும்பி அங்கயே நிக்கறது தெரியும். காத்து வந்துட்டே இருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சுடுச்சு. இது போன வண்டி லோடு இல்லாம நிதானமா போகும்போதுதான் அதிகமா பெட்ரோல் குடிக்கும், ஏன்னா மெல்ல மிதிக்கற நேரத்துலதான் அந்த அட்வான்ஸ் தேவை. ஸ்டார்ட்டிங் நல்லா இருக்கும், ஐடில் நல்லா இருக்கும், அதனால இந்தப் பக்கம் யாரும் வரவே மாட்டாங்க.

டேப்பட் (வால்வ அழுத்தித் திறக்கற பாகம்) கேப் கூல்ல 0.15, ஹாட்ல 0.25 மில்லிமீட்டர் பக்கம். டிக்டிக்னு சத்தம் வர்ற வண்டிய பாத்து எல்லாரும் ஓடிப்போய் டைட் பண்ணுவாங்க, சத்தமே வராம சைலண்ட்டா இருக்கற டேப்பட்தான் ஆபத்து, வால்வு முழுசா மூடாம கம்ப்ரஷன் ஒழுகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். கம்ப்ரஷன் கேஜ் கெடைச்சா மூணு சிலிண்டரையும் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. கம்மியா இருக்கறதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாக்கும்போது ஏறுச்சுன்னா ரிங், ஏறலன்னா வால்வு. கம்ப்ரஷன் போன எஞ்சினுக்கு மைலேஜ் ட்யூனிங் பண்றது வேஸ்ட்.

எஞ்சின் சத்தம் ஏறுது, வண்டி ஏறல, மேட்டுல கருகுன வாடை வருதுன்னா கிளட்ச் ஸ்லிப். பெடல் ஃப்ரீ ப்ளே இருக்கான்னு பாத்துட்டு பிளேட்டுக்குப் போங்க.

சென்னை வண்டி வாங்கியிருக்கறவங்க இன்னொண்ணையும் பாக்கணும். 1995 ஏப்ரல்லருந்து சென்னை உள்பட நாலு பெருநகரத்துல புது பெட்ரோல் கார்களுக்கு பொகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்குனாங்க, அதனால கார்ப் வண்டிலயே அது இருக்கலாம். வருஷக்கணக்கா ரிச்சா ஓடுனா உள்ள அடைச்சுக்கும். ஸ்டார்ட் ஆகும், ஐடில் ஆகும், 50க்கு மேல வாயப் பொத்திட்டு ஓடச் சொன்ன மாதிரி திணறும். சைலன்சர் வாய்ல கை வெச்சு ரேஸ் பண்ணிப் பாத்தா காத்து அழுத்தமே இருக்காது.

கால எடுத்தா உருளாம நிக்குது

எஞ்சின்ல ஒண்ணுமே இல்லாம மைலேஜ் போற வண்டிங்க நெறைய, காரணம் பிரேக். சமமான காலி ரோட்ல 40ல போய் நியூட்ரல் பண்ணி விட்டுப் பாருங்க. எஞ்சின் ஓடிட்டேதான் இருக்கணும், ஆஃப் பண்ணா பூஸ்டர் வேலை செய்யாது. மெதுவா வழுக்கிட்டு போகணும், யாரோ பின்னாடி இழுக்கற மாதிரி நின்னா பிரேக் புடிச்சிருக்கு.

எந்த சக்கரம்? பிரேக் கம்மியா தொட்டு அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி சக்கர நடுவுல கைய கிட்ட கொண்டு போங்க, தொடாதீங்க, சுடும். நாலுல ஒண்ணு மட்டும் கொதிச்சுட்டு இருக்கும். அப்பறம் ஜாக்கி போட்டு, மத்த சக்கரத்துக்கு கல் வெச்சு, கையால சுத்திப் பாருங்க.

பின்னாடின்னா ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள்ள துரு புடிச்சு லீவர எறக்குனாலும் கேபிள் திரும்பாது. மழைக்காலம் முடிஞ்சதும் வர்ற கேஸ் இது. முன்னாடி டிஸ்க்னா காலிப்பர் பின் வறண்டு போயிருக்கும், கழட்டி சுத்தம் பண்ணி பிரேக்குக்குன்னு இருக்கற கிரீஸ் போடணும். எல்லாம் ஃப்ரீயா இருந்தும் ஒரே சக்கரம் புடிக்குதுன்னா அந்த சக்கரத்து பிளீடர் நிப்பிள (பிரேக் ஆயில வெளிய விடற சின்ன நட்டு) லேசா தளர்த்துங்க. புளிச்சுன்னு ஆயில் அடிச்சு சக்கரம் உடனே ஃப்ரீயாச்சுன்னா ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதிப் போச்சு, மிதிக்கும்போது ஆயில உள்ள விடும், திரும்பி வர விடாது. வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்கும். நாலு சக்கரமும் சேந்து புடிச்சா பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவுல ப்ளே இல்லாம செட் பண்ணியிருக்காங்க.

டயர் காத்து, கதவுகிட்ட ஸ்டிக்கர்லயோ புக்லயோ இருக்கறத வைங்க, கூல்ல செக் பண்ணுங்க. முன் டயர் மேல உள்ளங்கைய உள்ளிருந்து வெளிய ஒரு தடவ, வெளிய இருந்து உள்ள ஒரு தடவ தேய்ச்சுப் பாருங்க. ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் ரம்பப் பல்லா குத்துனா அலைன்மென்ட் அவுட்.

டவுன்ல ஓகே, ஹைவேல மட்டும் குடிக்குது

ஆம்னி மூஞ்சி செவுரு. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 60லருந்து 80 போனா தடை முக்கால் பங்குக்கு மேல கூடும். அஞ்சாவது கியரும் கெடையாது. பெருந்துறை பைபாஸ்ல பஸ்ஸோட போட்டி போட்டுட்டு மைலேஜ் கேக்கக் கூடாது. மேல காலி கேரியர் இருந்தா கழட்டுங்க. 60 - 65லயே போயும் குடிச்சா ரெண்டாவது வாய் தகடு மூடாம மாட்டிக்கிச்சான்னு பாருங்க, எஞ்சின் ஆஃப்ல ஏர் கிளீனர கழட்டி ஆக்சிலரேட்டர மெதுவா மிதிச்சு விட்டா ரெண்டு தகடும் சுத்தமா மூடணும்.

கேஸ் கிட் போட்டு இப்ப பெட்ரோல்ல ஓட்டறேன்

கேஸ காத்தோட கலக்கற எல்பிஜி மிக்ஸர்ங்கற பாகம் கார்ப் வாய்க்கு மேல இன்னமும் உக்காந்திருக்கும், அது காத்து வழிய குறுக்கும், வண்டி ரிச் ஆகும். இனிமே கேஸ் வேணாம்னா மிக்ஸர கழட்டுங்க. வருஷக்கணக்கா கேஸ்லயே ஓடுன கார்ப் உள்ள காஞ்சு கேஸ்கட் சுருங்கியிருக்கும், ஆக்சிலரேட்டர் பம்ப் ரப்பர் வெறைச்சிருக்கும், அதுக்கு கிட் மாத்தாம ட்யூன் ஏறாது. கிட்ட கழட்டுனா ஆர்சி புக்லயும் மாத்திக்கோங்க.

எல்லாம் பாத்தாச்சு, இப்ப கார்ப்

இந்த வண்டிக்கு வந்த கார்ப் ஜப்பான் மிக்குனி டிசைன், சென்னை யூகால் கம்பெனி செஞ்சது. ஒழுங்கான ரிப்பேர் கிட் கேட்டு வாங்குங்க, பேர் தெரியாத கேஸ்கட்டு ஈ20ல ஒரே சீசன்ல ஊதிடும். பிரிச்சா அறைக்குள்ள வெள்ளைப் பொடியும் துருவும் இருக்கும், எத்தனால் தண்ணிய இழுத்து வெச்சதோட அடையாளம் அது. கார்ப் கிளீனர் விட்டு காத்து அடிங்க, ஜெட்டுக்குள்ள கம்பி மட்டும் விடாதீங்க, பித்தளை மெத்து, ஒரு தடவ கம்பி போனாலே ஓட்டை பெருசாகிடும், அதுக்கப்பறம் அந்த வண்டி மைலேஜ் குடுக்கவே குடுக்காது. டேங்க்ல துரு இருந்தா ஃபில்டர் மாத்திட்டே இருக்க வேண்டியதுதான், டேங்க கழட்டி கழுவற வரைக்கும்.

மிக்ஸர் செட்டிங் எஞ்சின் நல்லா சூடான அப்பறம், சோக் முழுசா திறந்து, லைட்டு ஃபேன் எல்லாம் ஆஃப்ல. ஸ்க்ரூவ மெதுவா உள்ள உக்கார வெச்சு, இறுக்காம, ரெண்டு சுத்து பக்கம் வெளிய எடுத்து ஆரம்பிங்க. ஐடில் உச்சத்துக்கு ஏறுற எடம் வரைக்கும் திருகுங்க, ஏறுன ஐடில த்ராட்டில் ஸ்க்ரூல 900க்கு எறக்குங்க, மறுபடி உச்சம் தேடுங்க. அப்பறம் ஐடில் லேசா தொய்யற வரைக்கும் உள்ள திருகி அங்க நிறுத்துங்க. அங்கருந்து நேரா பொகை டெஸ்ட் எடுக்கப் போங்க. பொகை சர்டிபிகேட்ட எல்லாரும் மடிச்சு உள்ள வெச்சுடறோம், அதுல சிஓன்னு (கார்பன் மோனாக்சைடு) ஒரு நம்பர் இருக்கு, ஐடில் மிக்ஸர் எப்படி இருக்குன்னு அது சொல்லிடும். ரொம்பப் பழைய வண்டிக்கு 3 சதவீதம் வரைக்கும் பாஸ் போடுவாங்க, ஆனா பாஸ்னு விட்டுடாதீங்க, 2.8 வந்தா நீங்க பெட்ரோல எரிக்காம வெளிய விடறீங்க. கன்வெர்ட்டர் இல்லாத நல்ல எஞ்சின்ல ஒண்ணு, ஒண்ணரைக்குள்ள கொண்டு வந்துடலாம், அதுக்குக் கீழ அமுக்குனா ஐடில் நடுங்கும். டெஸ்ட் எடுக்கற பையன்கிட்ட கேட்டுக்கிட்டு மெஷின் மாட்டுன நெலையிலயே கால் சுத்து திருகிப் பாக்கறது இன்னும் நல்லது.

சின்ன ஜெட் போட்டுத் தர்றேன், காந்தம் மாட்டுனா மைலேஜ் ஏறும், டேங்க்ல மாத்திரை போடுங்கன்னு வர்றவங்கள அப்படியே அனுப்பிடுங்க. காந்தமும் மாத்திரையும் காச மட்டும்தான் திங்கும். சின்ன ஜெட் வால்வையும் பிஸ்டனையும் சேத்து திங்கும், ஈ20ல ஏற்கனவே லீனா இருக்கற எஞ்சின்ல இன்னும் சீக்கிரமா.